தெரியாத வாலைப் பார்த்தவர்கள்

எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்கிறவர்களைவிட, பார்த்ததாகச் சொல்கிறவர்கள் அதிகம். ஏதோ கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆறிய பிறகு அடியில் தங்கியிருப்பது இளக்காரம். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

நான் மேலப்பாளையத்துக்காரி. ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். வரும்போது கொண்டுவந்த பெட்டிகளில் ஒரு பைனாகுலர் இருந்தது. அறையில் கூட இருந்த மலையாளி ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம். அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது சும்மா கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அதோடு பிடித்துக்கொண்டது.

திருவாதிரை மங்கிய குளிர்காலம் அது. சிவந்த, எடுப்பான நட்சத்திரம். அதற்குக் கொஞ்சம் மேற்கே ரோகிணி. வழக்கமாகத் திருவாதிரைக்குத்தான் ஒளி கூடுதல். அந்த வருஷம் ரோகிணி முந்திக்கொண்டு நின்றது. அது என் கண்ணில் தட்டுப்பட்டுவிட்டது. மறுநாள் ஆசிரியர் அறையில் சொன்னேன். நட்சத்திரங்களைப் பற்றிய பாடத்தை வருஷந்தோறும் நடத்தித் தேர்ச்சி விழுக்காடு காட்டுகிற இயற்பியல் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், அதெல்லாம் மங்காது, மேகமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். திருவாதிரை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால் உலகம் முழுக்க அதே பேச்சு. அப்போதுதான் தெரிந்தது, இப்படி மாறுகிற ஒளியைக் கண்ணால் பார்த்து அளந்து அனுப்புவதற்கென்றே வெளிநாட்டில் ஒரு சங்கம் இருக்கிறது என்று. அளப்பது பெரிய வித்தை இல்லை. மாறுகிற நட்சத்திரத்தின் பக்கத்தில் மாறாத இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று இதைவிடக் கொஞ்சம் பிரகாசம், மற்றது கொஞ்சம் மங்கல். அந்த இரண்டுக்கும் ஒளி எவ்வளவு என்று அட்டவணையில் எண் போட்டிருக்கும். நம்முடையது எதற்குக் கிட்டே என்று பார்த்து இடையில் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். எண் ஏறினால் மங்கல், இறங்கினால் பிரகாசம். அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் பிறை பார்த்ததாக ஒருவர் சொன்னால் ஜமாஅத்தில் சும்மா விடமாட்டார்கள். எங்கே நின்றீர், எந்தப் பக்கம் வளைந்திருந்தது, கூட யார் இருந்தது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டார்கள். வானத்தைப் படித்தவர்கள் கூடுகிற இடத்தில் இதைவிடக் கறாராகக் கேட்பார்கள் என்று நம்பித்தான் நான் ஊர் வானியல் மன்றத்தில் போய்ச் சேர்ந்தேன். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு உரை, உளுந்த வடை, குழுப்படம். எல்லாம் மின்விசிறிக்கு அடியில் நடக்கும். நான் சேர்ந்த பிறகு ஒரு தடவைகூட யாரும் வெளியே வந்து மேலே பார்த்து நான் பார்த்ததில்லை.

மன்றத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். நான் சார் என்பேன். நல்ல குரல். கருந்துளையைப் பற்றி அவர் பேசினால், அதைச் சுற்றிச் சுழலும் தூசி பளிச்சிட்டு மங்குவதை இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கும். பெரிய தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தார். அதற்குப் பட்டுத்துணியில் உறை. அந்த உறை கழன்று நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அதை அப்புறம் சொல்கிறேன். அவருக்கு வலது கையாக ஒரு பல் டாக்டர். அவர் படம் எடுக்கிறவர். எடுத்த படத்தில் கோயில் கோபுரத்தையும் வேறொரு ராத்திரியில் எடுத்த பால்வீதியையும் ஒட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் நின்றதாக ஊரை நம்பவைப்பார். தெற்கே இருக்க வேண்டியது வடக்கே இருக்கும். யாரும் கேட்டதில்லை. இதய அடையாளங்கள் வரிசையாக விழும்.

இந்த நிலையில்தான் வால்மீன் வந்தது.

வரப்போகிறது என்று முதலில் செய்தி வந்தபோதே நூற்றாண்டின் வால்மீன் என்று எழுதினார்கள். இந்த நூற்றாண்டில் இது எத்தனையாவது நூற்றாண்டின் வால்மீன் என்று கேட்க ஆளில்லை. சூரியனை நெருங்க நெருங்கப் பிரகாசம் ஏறும், பிறகு பைனாகுலர்கூட வேண்டாம், வெறும் கண்ணுக்கே வால் தெரியும் என்று கணக்கு. மாலை மேற்கில், சூரியன் விழுந்த பிறகு கொஞ்ச நேரம் தெரியும். எங்கள் மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் ஜவுளிக்கடை விளம்பர வெளிச்சம். அதனால் நான் சீவலப்பேரிக்குப் போக ஆரம்பித்தேன். ஆறு இரண்டும் சேருகிற இடத்தைத் தாண்டி வயற்காடு. பிசான அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. மேற்கே மறைப்பு இல்லை.

நோன்பு மாதம். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிப் போவார். வரப்பில் ஒரு சாக்கை விரித்து, பாங்கு நேரம் வந்ததும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் தூக்குச்சட்டியில் கொண்டுபோன கஞ்சியும். தொழுது எழுந்தால் மேற்கு கருத்திருக்கும். சரியான நேரம் அது. அவர் பைக்கில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்ப்பார். நான் வால்மீனைத் தேடுவேன்.

வால்மீனின் ஒளியை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நட்சத்திரம் புள்ளி. வால்மீன் பஞ்சுப்பொதி மாதிரி கலங்கலாக இருக்கும். பொதியையும் புள்ளியையும் எப்படி ஒப்பிடுவது? பைனாகுலரின் திருகைத் திருப்பி நட்சத்திரத்தை வேண்டுமென்றே கலங்கலாக்க வேண்டும். வால்மீன் அளவுக்கு அது பருத்ததும் இரண்டில் எது பிரகாசம் என்று பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும். கை நடுங்கக் கூடாது. பக்கத்து வாழைத்தோட்டத்தில் களையெடுத்துவிட்டு நேரங்கழித்துப் போகிற பெண்கள் ஒரு நாள் நின்று, என்னத்தம்மா பாக்குதிய என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம், தெரியுது என்று தந்தாள். அவள் பிடித்திருந்த திசையில் ஆலமரம் இருந்தது.

முதல் வாரம் கணக்குப்படியே ஏறியது. நான் எண்ணைச் சங்கத்துக்கு அனுப்புவேன், மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். தலைவரும் அப்படியே சங்கத்துக்கும் குழுவுக்கும் தினம் ஒரு எண் போடுவார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. மூட்டுவலியோடு இந்த மனிதர் எங்கேயோ போய்ப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அந்த மரியாதையில்தான் ஒரு நாள் சீவலப்பேரியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன். இருட்டான இடம் சார், நீங்களும் வாங்க என்றேன்.

அவர் வரவில்லை. அங்கே வால்மீன் காணும் விழா நடக்கும் என்று அறிவித்தார். சிறப்பு விருந்தினருக்குத் தேதி வாங்கியாயிற்று. பள்ளிகளுக்கு அழைப்பும் போயிற்று.

அறிவித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வால்மீன் ஏறாமல் நின்றது. நான் ஈரக்காற்று என்று நினைத்தேன். அடுத்த நாள் இறங்கியது. நடுவில் கருவைப் போல இருந்த பிரகாசம் காணாமல் போய், பொதி நீளவாக்கில் இழுபட்டிருந்தது. திருகைத் திருப்பித் திருப்பி ஒப்பிட்டேன். முன்பு இதைவிட மங்கலாக இருந்த நட்சத்திரம் இப்போது இதைவிடப் பிரகாசம். குழுவில் என் எண்ணைப் போட்டேன். தலைவர் போட்ட எண் ஒரு படி பிரகாசம் கூடியிருந்தது. மறுநாள் என் கணக்கில் ஒளி இன்னும் இறங்கியது. அவர் கணக்கில் இன்னும் ஏறியது.

தொலைபேசியில் அழைத்தார். குழுவில் எல்லாரும் பார்க்கிறார்கள், விழாவுக்கு முன்னால் இப்படிப் போட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று ஆரம்பித்தார். நான் பார்த்ததைத்தான் போடுகிறேன் என்றேன். குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதிய. நாப்பது தாண்டுனா கண்ணுல ஒரு மங்கல் வரும். ஒரு தடவ கண்ணக் காட்டிருங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பரிவை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அன்று நான் போனேன். கண் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்ததை நானே நம்பாமல் அங்கே உட்கார்ந்திருந்ததுதான் இந்த விவகாரத்தில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம். பார்வையில் குறையே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். எதற்காகச் சோதிக்க வந்தீர்கள் என்று கேட்டார். வால்மீன் மங்கலாகத் தெரிகிறது என்றேன். அவர் பக்கத்தில் இருந்த நர்ஸைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு, தலைவர் வீட்டுக்குப் போகலாம் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தலைவரும் நானும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் பார்த்தால் தீர்ந்துபோகும் என்பது என் எண்ணம். பாளையங்கோட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. அவர் மனைவி டீ கொண்டுவந்தார். நோன்பு என்றேன். சங்கடப்பட்டு உள்ளே எடுத்துப் போனார். தலைவர் அதைக் கவனிக்கவில்லை, விழா மேடையில் யார் யார் உட்காருவது என்று வீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

நேற்று எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டேன். பால்கனியைக் காட்டினார். எழுந்து போய்ப் பார்த்தேன். மேற்கே கல்யாண மண்டபத்தின் பின்சுவர். நான்கு மாடி உயரம். அதில் ஒரு கூலர் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வால்மீன் இருக்கவேண்டிய உயரத்துக்கு நான் கையை நீட்டிப் பார்த்தேன். சுவரின் பாதிகூட வரவில்லை.

"இங்க இருந்து தெரியாதே சார்" என்றேன்.

அவர் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால்கூட எனக்கு இரக்கம் வந்திருக்கும். மேசைமேல் இருந்த கணினியைத் திருப்பிக் காட்டினார். எந்த நாளில் எவ்வளவு பிரகாசம் இருக்கும் என்று எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் மாதக்கணக்கில் முன்னதாகப் போட்டுவைத்த பட்டியல். அதிலிருந்து அன்றன்றைய எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறார். பார்த்தால் தெரியக்கூடாது என்று கொஞ்சம் கூட்டிக் குறைத்தும் இருக்கிறார்.

"எல்லாம் கணக்கு டீச்சர். கணக்கு தப்பாது. நீங்க கணக்கு டீச்சர், ஒங்களுக்கா சொல்லணும்?"

"கணக்கு தப்பாது சார். வால்மீன் அந்தக் கணக்கப் படிச்சிருக்காதுல்லா" என்றேன்.

சிரித்தார். நான் தமாஷ் பண்ணியதாக நினைத்துக்கொண்டார். படி இறங்கும்போது வீட்டுக்காரர், பெரிய மனுசன்ட்ட அப்பிடிப் பேசலாமாட்டி என்றார். இவர் பெரிய மனுசன் என்று எதைப் பார்த்து முடிவு செய்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பட்டுத்துணி உறையைப் பார்த்திருப்பார்.

விழா நாளில் எனக்குத் தப்பிக்க வழியில்லை. எங்கள் தலைமையாசிரியை இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றி, கூடப் போகும் டீச்சர்களில் என் பெயரையும் போட்டிருந்தார். நான் தினமும் சாக்கு விரித்த வரப்புக்குப் பக்கத்துத் திடலில் பந்தல். மூங்கில் கட்டி வரிசையாக டியூப் லைட். அது போதாதென்று ஆற்றைப் பார்த்து இரண்டு பெரிய போகஸ் விளக்கு. ஜெனரேட்டர் சத்தம். வானத்தைப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு வானத்தை விரட்டுவதற்கு இதைவிட முழுமையான ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. மேடைக்குப் பின்னால் பெரிய பிளெக்ஸ். அதில் தலைவரின் முகமும் சிறப்பு விருந்தினரின் முகமும் நிலா அளவுக்கு. நடுவில் பல் டாக்டர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வால்மீன், பாதி வானத்துக்கு வால்.

விளக்குகளையாவது கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லுங்கள் என்று தலைவரிடம் கேட்டேன். பொம்பளப் பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறார்கள், அணைத்தால் பாதுகாப்பில்லை என்றார். சிறப்பு விருந்தினர் வரும்போது மேடை தெரிய வேண்டும் என்பது அவர் சொல்லாத காரணம். அந்த மனிதர் வரவுமில்லை. வழியில் இருக்கிறார், வழியில் இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

பைக்கில் வந்திருந்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளை மற்ற டீச்சர்களிடம் விட்டுவிட்டு, வரப்பு வழியாக விளக்குகளுக்கு எட்டாத தூரத்துக்கு நடந்தேன். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, தேடினேன். ரொம்ப நேரம் பிடித்தது. கடைசியில் கிடைத்தது. கரும்பலகையைத் துடைத்த பிறகும் நிற்கிற சாக்பீஸ் தடம் மாதிரி ஒரு மங்கல் தீற்று. கரு இல்லை, வால் இல்லை. உடைந்து தூளாகிப் போயிருக்கிறது என்று எனக்கு அந்தக் கணமே உறுதியாயிற்று. வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதன் முடிவு இப்படிக் கண்ணெதிரே நடந்ததில் ஒரு நடுக்கம் இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டியிருந்தது. பைனாகுலரை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இந்த நட்சத்திரத்துக்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கம் என்று வழி சொன்னேன். நிதானமாகப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியலட்டி" என்றார்.

சரி என்றேன். தெரியாதுதான். பழகாத கண்ணுக்கு அது தெரிய நியாயமில்லை.

திரும்பி வந்தால் திடலில் நீண்ட வரிசை. சிறப்பு விருந்தினர் வந்து, விளக்கேற்றி, பேசி முடித்து, தொலைநோக்கியின் பட்டு உறையை அவர் கையாலேயே நீக்கியிருந்தார். அதற்குள் வால்மீன் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் தொலைநோக்கி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் அது நீட்டிய திசையைப் பார்த்தேன். வெள்ளி. மேற்கே இந்தப் போகஸ் விளக்கையும் மீறித் தெரிகிற ஒரே பொருள். தலைவர் ஒலிபெருக்கியில் வால்மீனை எல்லாரும் வரிசையாக வந்து பாருங்கள், தள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். வருஷக்கணக்கில் உறைக்குள் கிடந்து கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. வெள்ளியின் வெளிச்சம் அதில் பட்டு ஒரு பக்கமாகச் சிதறியது. அதுதான் வால்.

பார்த்தவர்கள் எல்லாரும் வாலைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை பார்த்தார், அழகு என்றார். அன்று களையெடுத்த பெண்ணும் குடும்பத்தோடு வந்து பார்த்தாள். பல் டாக்டர் கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். ஆயிரம் ராத்திரி படம் எடுத்த மனிதருக்கு வெள்ளியைத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தலையை ஆட்டினார்.

வரிசையில் என் வீட்டுக்காரரும் நின்றார். முறை வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தலைவர் அவர் தோளில் கையைப் போட்டு, என்ன, தெரிஞ்சுதா என்று மைக்கை நீட்டினார்.

"தெரிஞ்சுது அண்ணாச்சி. வாலு நல்லாத் தெரிஞ்சுது."

அது ஒலிபெருக்கி வழியாகச் சீவலப்பேரி முழுக்கக் கேட்டது.

அன்று நான் பள்ளிப் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தேன். விடியும் முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்போது சோறு ஆறுது என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடம் பேசவில்லை. நான்கைந்து நாள் அப்படியே போயிற்று. ஊர் முழுக்கப் பொய் சொல்லும், அது ஊருடைய வழக்கம். இவர் என் பக்கத்தில் நின்று தெரியவில்லை என்று சொன்ன அதே வாயால் தெரிந்தது என்றார். அது எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வால்மீன் துண்டு துண்டாக உடைந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. பெரிய தொலைநோக்கிகள் படம் எடுத்திருந்தன. மங்கத் தொடங்கிய நாள் என்று அவர்கள் குறித்தது நான் முதலில் ஈரக்காற்று என்று நினைத்த நாள். எனக்குப் பெருமையாக இருக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் தலைவர் பேட்டி கொடுத்திருந்தார். வால்மீன் மங்குவதை எங்கள் மன்றம் முன்னதாகவே கண்டறிந்து கண்காணித்து வந்தது என்று. என் எண்களை அப்படியே சொல்லியிருந்தார். பக்கத்திலேயே விழாவில் பொதுமக்கள் வால்மீனைக் கண்டு மகிழும் படம். உடைந்து மங்கிப்போனதை முன்பே கண்டவர்கள், அதையே பிறகு வாலோடு ஊருக்குக் காட்டியது எப்படி என்று அந்தப் பக்கத்தை எழுதியவருக்கும் தோன்றவில்லை, படித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்தில் எனக்குச் சால்வை போட அழைத்தார்கள். போனேன். தலைமையாசிரியையும் வந்திருந்தார். சால்வையைப் போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைத் தந்தார் தலைவர். விழாவன்று நீங்கள் எல்லாரும் பார்த்தது வெள்ளி என்றேன். வால்மீன் அப்போது மறைந்துவிட்டது என்றும், வால் என்று பார்த்தது கண்ணாடியில் இருந்த பூஞ்சை என்றும் சொன்னேன். வகுப்பில் ஒரு கணக்கைத் திருத்துகிற மாதிரித்தான் சொன்னேன்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. தலைவர் புன்னகை மாறாமல் தட்டிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"எதப் பாத்தா என்ன டீச்சர்? பிள்ளைகளுக்கு ஒரு ஆர்வம் வந்துச்சுல்லா, அது போதாதா?"

கை தட்டினார்கள். நான் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். குழுவிலிருந்தும் வெளியேறினேன். எதைப் பார்த்தாலும் ஒன்றுதான் என்று நம்புகிறவர்களிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம், அவர்களோடு சேர்ந்து நானும் சம்பளம் வாங்குகிறேன் என்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அந்தச் சங்கத்தின் இணையதளத்தில் வால்மீனின் ஒளி ஏறி இறங்கிய வரைபடம் இப்போதும் இருக்கிறது. நாள்வாரியாகப் புள்ளிகள். ஆஸ்திரேலியாவிலிருந்து, பிரேசிலிலிருந்து, ஜப்பானிலிருந்து யார் யாரோ பார்த்து அனுப்பியவை. ஏறி, நின்று, சரிகிற ஒரு மலை மாதிரி இருக்கும். சரிவில் என் புள்ளிகள் அவர்களோடு சேர்ந்து இறங்குகின்றன. சரிவுக்கு மேலே வெற்றிடத்தில், வேறு யாருமில்லாத உயரத்தில், வரிசையாகச் சில புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். அவை பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபத்துச் சுவரைப் பார்த்து அளந்தவை.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பெருநாள் கழிந்து ஒரு மாலை, கடையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார். பின்னால் ஆள் நெருக்கினதும், மைக்கை நீட்டினதும், தெரியவில்லை என்று சொன்னால் நம்மைக் கேனையன் என்று நினைப்பார்களே என்று தோன்றியதாம். அந்த ஒரு கணத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். வெள்ளை வெளிச்சம் ஒன்றுதான் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை என்றார். நான் கேட்டுக்கொண்டேன். மன்னித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இதைத் தன் வாயால் ஒத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். அதனால் மறுநாள் மீன் வாங்கிவரச் சொன்னேன்.

சில மாதங்களுக்கு முன்பு தெற்கு வானத்தில் ஒரு நோவா தென்பட்டது. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பைனாகுலருக்குத் தெரிகிற அளவுக்கு ஏறும், பிறகு வாரக்கணக்கில் படிப்படியாக மங்கும். எங்கள் மாடியில் தெற்கு நன்றாகத் தெரியும். இரவு இஷா தொழுகைக்கு முன்னால் போய் நின்று அளந்துவிட்டு வருவேன். இந்த நோவா நேராக இறங்காமல் நடுவில் ஒரு தடவை மறுபடி ஏறியது. அதைப் பார்த்த மாலையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இந்த ஊரில் யாரிடமும் சொல்வதற்கில்லை. சொன்னால் எனக்கும் தெரியுது என்பார்கள்.

அதன் மறுநாள் தலைவர் அழைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு. உடல்நலம் விசாரித்தார். பள்ளி எப்படிப் போகிறது என்றார். கருந்துளையைப் பற்றி ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்திருப்பதாகவும், மக்கள் நேரில் கருந்துளையைக் காணலாம் என்று பிளெக்ஸ் அடித்திருப்பதாகவும் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நோவா பாக்குதிய போல. இன்னைக்கு எவ்ளோ இருக்கு டீச்சர்?"

கணினியில் இருக்கும் பட்டியல் நோவாவுக்கு உதவாது. அது எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று யாரும் முன்னதாக எழுதி வைக்க முடியாது. அதனால்தான் நான் வேண்டியிருக்கிறது.

"மாடிக்குப் போய்ப் பாருங்க சார்" என்றேன்.

லிப்ட் வேலை செய்யவில்லை என்று ஆரம்பித்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. பிறகு இணையதளத்தைத் திறந்து பார்த்தபோது அவர் பெயரில் அன்றைய எண் ஒன்று ஏறியிருந்தது. முந்திய நாள் நான் போட்டிருந்த அதே எண். அதற்குள் நோவா மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.